ராத்திரி குடித்தது நினைவில் இல்லையா? மறுநாள் பயத்தையும் குற்றவுணர்வையும் படிப்படியாகக் கையாள முழுமையான வழிகாட்டி

ஒன்பதரை மணிக்கு ஆம்லெட் வந்தது வரை ஞாபகம் இருக்கிறது, அடுத்து நேராகக் காலை, சட்டையைக் கூட மாற்றாமல் படுக்கையில். எப்படி வீடு வந்தோம், வண்டியை யார் ஓட்டியது, முழங்கையில் இந்தச் சிராய்ப்பு எங்கே பட்டது, யாரிடம் என்ன உளறினோம் என்று எதற்கும் பதில் கிடையாது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை லேசாக நடுங்குகிறது. இந்த நிலையில்தான் முக்கால்வாசிப் பேர் போனை எடுத்து "கல்லீரல் கெட்டால் என்ன அறிகுறி" என்று தேட ஆரம்பிக்கிறார்கள், பத்து நிமிடத்தில் தனக்கு வராத வியாதியே இல்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள்.

இந்த நாளை ஒரு வரிசையில் எடுத்தால் சமாளிக்கலாம்: உடம்பு முதலில், ஆதாரம் அடுத்து, மனிதர்கள் அதற்கப்புறம், யோசனை கடைசியில். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மல்லாந்து படுத்துக்கொண்டு யோசனையில் தொடங்குவதால் உடம்பைக் கவனிக்க வேண்டிய நேரம் போய்விடுகிறது, பயம் மட்டும் வளர்கிறது.

முதல் படி: ஆபத்தான அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தலையில் வீக்கமோ காயமோ இருந்து, தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது. இதுதான் எனக்கு எப்போதும் முதல் கவலை, ஏனென்றால் மண்டைக்குள் ரத்தம் கசிவதும் சாதாரண ஹேங்கோவரும் முதல் சில மணி நேரத்தில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கீழே விழுந்ததே ஞாபகம் இல்லாதவர் இரண்டாவதுதான் என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார். தலையைத் தடவிப் பாருங்கள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சேர்த்து. ரத்தத்தை உறைய விடாத மாத்திரை எடுப்பவர் என்றால் சின்ன வீக்கத்துக்கே போய்க் காட்டிவிடுங்கள்.

வாந்தியில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் கடும் வலி (கணையம் வீங்கியிருக்கலாம்), நெஞ்சுவலி, தாளம் தப்பித் துடிக்கும் இதயம், வலிப்பு, புத்தி குழம்பிப் பேசுவது, மூச்சுத் திணறல்: இவையும் அப்படித்தான். வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் இருமலும் காய்ச்சலும் ஓரிரு நாள் கழித்துக்கூட வரும்.

பார்வை மங்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடித்தது எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கு என்றால், கண் மங்கலாகவோ பனி விழுவது போலவோ தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். மெத்தனால் விஷம் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததற்குக் காரணம் இந்த மெத்தனால்தான்.

இன்னொன்று, தினமும் குடிப்பவர்களுக்கு மட்டும். "இனி தொடவே மாட்டேன்" என்று நீங்கள் இன்று திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற புத்தித் தடுமாற்றம் வரலாம், அது உயிரையே எடுக்கக்கூடியது. நிறுத்துவது நல்லதுதான், ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: கெடு உள்ள விஷயங்களை இன்றே முடியுங்கள்

சில பயங்களுக்கு மருந்து உண்டு, ஆனால் நேரக்கெடுவும் உண்டு. அவற்றை "ஒன்றும் ஆகியிருக்காது" என்று தள்ளிப்போடுவதும் தப்பு, படுத்துக்கொண்டு பயப்படுவதும் தப்பு.

உடம்பில் கீறலோ பல் பட்டது போன்ற குறியோ இருந்து, ராத்திரி தெருநாய் கடித்ததா என்று சந்தேகம் என்றால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். வழக்கமாக 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் போடுவார்கள், முதல் நாள் போட்டுவிட்டு மீதியை மறந்துவிடக் கூடாது. காயத்தின் ஆழத்தைப் பார்த்து வேறு ஊசி வேண்டுமா என்பதையும் டெட்டனஸுக்கான டிடி ஊசியையும் அவர்களே முடிவு செய்வார்கள். "நாய் கடித்ததா என்று எனக்கே தெரியவில்லை, குடித்திருந்தேன்" என்று அப்படியே சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் இதைவிட விசித்திரமான கதையெல்லாம் கேட்டவர்கள்.

பாதுகாப்பில்லாத உடலுறவு நடந்திருக்கலாம் என்றால், எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள், 1097 என்ற உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரம் என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் அதை வைப்பதே இல்லை, அதனால் கடை கடையாக அலைந்து நேரத்தை விடாமல் நேராக மகளிர் மருத்துவரிடம் போவது மேல்.

விருப்பமில்லாமல் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றினால் குளிக்காதீர்கள், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். காவல் புகார் கொடுக்காவிட்டாலும் மருத்துவமனை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. குடித்திருந்தீர்கள் என்பதால் அது உங்கள் தப்பு ஆகிவிடாது. குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம் என்றால், எதையாவது கலந்து கொடுத்திருப்பார்களோ என்று கேட்டு, சிறுநீர்ப் பரிசோதனையை அன்றே எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தடயம் சீக்கிரம் மறைந்துவிடும்.

மூன்றாம் படி: இன்றைய பயத்தில் பாதி சரக்கு போட்டது

ஆல்கஹால் மூளையின் பிரேக்கை அழுத்துகிறது, சமாளிக்க மூளை தன் பங்குக்கு ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி முழுக்க ஈரல் சரக்கை எரித்து முடித்ததும் பிரேக் விடுபட்டுவிடும், ஆக்சிலேட்டர் மட்டும் முறுக்கிய நிலையில் நிற்கும். படபடப்பு, நடுக்கம், வியர்வை, "ஏதோ பெரிய கெடுதல் நடக்கப் போகிறது" என்ற உணர்வு எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கூடவே அரைகுறைத் தூக்கம், உடம்பில் தண்ணீர் வற்றுவது, சர்க்கரை இறங்குவது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே இன்று வருகிற பயத்தை வைத்து உங்கள் உடம்பைப் பற்றியோ வாழ்க்கையைப் பற்றியோ எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம், எழுதினாலும் அது செல்லாது.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், இளநீர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் கரைசல், கொஞ்சம் கொஞ்சமாக. முடிந்தால் இரண்டு இட்லி. காபி வேண்டாம், ஏற்கெனவே துடிக்கிற நெஞ்சை அது இன்னும் துடிக்க வைக்கும். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், சிலர் பதற்றம் என்று நினைப்பது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கும்.

தலைவலிக்கு வெறும் வயிற்றில் புரூஃபென், டைக்ளோஃபினாக் வகை போடாதீர்கள், புண்ணாகியிருக்கும் வயிற்றில் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் 500 ஒன்று பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் தினமும் குடிப்பவரும் கல்லீரல் கோளாறு உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் அதையும் தொட வேண்டாம். அம்மாவின் பெட்டியிலிருந்து அல்பிராசோலம் என்ற பதற்ற மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது பெரிய ஆபத்து: மிச்சமிருக்கும் சரக்கோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அப்புறம், "ஒரு கட்டிங் போட்டா எல்லாம் சரியாயிடும் மச்சி" என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். சரியாகத்தான் போகும், நாலு மணி நேரத்துக்கு. பிறகு இதே பயம் வட்டியோடு வரும். காலைக் குடி பழக்கமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வண்டியையும் தொடாதீர்கள். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 60 கிராம் சொச்சம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். நள்ளிரவு வரை இரண்டு குவார்ட்டர் அடித்தவர் காலை 9 மணிக்கு நிதானமாக இருப்பதாக நினைத்தாலும், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கலாம்.

நான்காம் படி: அந்த இருட்டில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிளாக் அவுட் வேறு, மட்டையாவது வேறு. மட்டையானவர் தூங்கிவிட்டார். பிளாக் அவுட்டில் இருப்பவர் விழித்திருக்கிறார், பில் கட்டுகிறார், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிறார், பாட்டுகூடப் பாடுகிறார், பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. நடப்பதைச் சில நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் அதை நிரந்தர நினைவாகப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. ஆக, ஞாபகம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தோண்டுவதில் பயனில்லை, அது எழுதப்படவே இல்லை. துண்டு துண்டாகப் போயிருந்தால் மட்டும், யாராவது எடுத்துக் கொடுத்தால் சில காட்சிகள் திரும்பி வரலாம்.

எவ்வளவு குடித்தோம் என்பதோடு, எவ்வளவு வேகமாகக் குடித்தோம் என்பதும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் வாக்கில் போகும்போது, அதுவும் சட்டென்று ஏறும்போது, பதிவு நின்றுபோகிறது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும் என்று ஒன்பதே முக்காலுக்கு வாங்கி, சாப்பிடாமல், தண்ணீர் கம்மியாக ஊற்றி, நாலே மடக்கில் முடிப்பது இதற்கென்றே வகுத்த வழி. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை கூட இருந்தால் குறைந்த அளவிலேயே ஆகும். ஒரே அளவு குடித்தாலும் பெண்களுக்குச் சீக்கிரம் ஆகும்.

"அப்போ மூளை போச்சா?" ஒரு ராத்திரி நினைவு பதியவில்லை என்பது மூளை நிரந்தரமாகக் கெட்டதற்கு அடையாளம் ஆகாது. ஒரு ராத்திரியில் கல்லீரல் சுருங்கிவிடுவதும் கிடையாது, அது பல வருடக் குடியில் நடக்கிற விஷயம். அடிக்கடி பிளாக் அவுட் ஆவது வேறு கணக்கு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இன்றே லேபுக்கு ஓடி எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுக்க வேண்டும் என்று கை அரிக்கும். கொஞ்சம் பொறுங்கள். நேற்றைய குடி, விழுந்ததில் தசைக்குப் பட்ட அடி, இரண்டுமே சில எண்களை லேசாக ஏற்றிக் காட்டும், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாரம் தூங்க மாட்டீர்கள். கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது போன்ற அறிகுறி இல்லையென்றால், சில வாரம் குடிக்காமல் இருந்துவிட்டு எடுங்கள். மருத்துவர் முன்னாலேயே எடுக்கச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஆதாரத்தை ஒரே முறை பாருங்கள்

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் கிடைத்த ஆதாரம். ஜிபே வரலாறு: 9.52-க்குக் கடை, 10.20-க்குப் பரோட்டாக் கடை, 11.05-க்கு ஆட்டோக்காரர் பெயரில் நூற்று எண்பது ரூபாய். ஆட்டோவில் வந்திருக்கிறீர்கள், ஆக வண்டியை நீங்கள் ஓட்டவில்லை, பாதி பயம் இந்த ஒரு வரியில் போய்விடும். அழைப்புப் பட்டியல்: 11.40-க்கு அக்காவுக்கு பதினான்கு நிமிடம். சரி, இது ஒரு வேலை, குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது, "அனைவருக்கும் அழி" போட்டது, போட்டோக்கள், போனில் இடப்பதிவு இருந்தால் அது. பர்ஸ், சாவி, செயின், செருப்பு.

வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் வெளிச்சத்தில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். புது நசுங்கலோ ரத்தமோ இருந்தால் துடைத்து வைக்காமல் அன்றே ஒரு வழக்கறிஞரிடம் பேசி, காவல் நிலையத்துக்குப் போங்கள். நினைவில்லை என்று சொல்லிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். யாரையாவது இடித்திருப்பேனோ என்று வந்த வழியே மூன்று தடவை போய்ப் பார்ப்பதும், விபத்துச் செய்திகளை அலசுவதும் பயத்தைக் குறைக்காது, ஒவ்வொரு தடவை பார்த்ததும் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும்.

அடுத்து, கூட இருந்தவர்களில் குறைவாகக் குடித்த ஒருவரிடம், ஒரே முறை கேளுங்கள். "மச்சி, நேத்து பத்து மணிக்கு மேல எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. யார்கிட்டயாவது தப்பா பேசினேனா, எங்கயாவது விழுந்தேனா? காமெடி பண்ணாம சொல்லு." கடைசி வாக்கியம் முக்கியம். நம்ம பசங்க கதை கட்டுவதில் கெட்டிக்காரர்கள், "நீ போலீஸ்காரரையே அடிக்கப் போனே" என்று விளையாட்டுக்குச் சொன்னதை ஒருவர் வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருப்பார். ஐந்து பேரிடம் ஐந்து தடவை கேட்டால் ஐந்து கதை கிடைக்கும், அவற்றைக் கேட்டுக் கேட்டு நடக்காத காட்சியை மூளை நடந்தது போலவே வரைந்துவிடும். அந்த வெற்றிடத்தில் பயம் வரைகிற படத்துக்கும் நினைவுக்கும் வேறுபாடு உங்களுக்கே தெரியாமல் போகும்.

காகிதத்தை மடித்து வையுங்கள். அதில் இல்லாதது தெரியாது, இனியும் தெரிய வராது. அந்தத் தெரியாமையோடு இருக்கப் பழகுவதுதான் இதில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி.

ஆறாம் படி: மன்னிப்பை மாலைக்குத் தள்ளுங்கள்

காலை எட்டு மணிக்கு, நடுங்கும் கையோடு, பத்துப் பேருக்கு "நேத்து ஏதாவது தப்பு பண்ணிருந்தா மன்னிச்சிருங்க" என்று அனுப்பாதீர்கள். ஏழு பேருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, நீங்களே போய்ச் சொன்ன மாதிரி ஆகும். சாப்பிட்டு, தூங்கி, நெஞ்சு அடங்கியதும், காகிதத்தில் பெயர் உள்ளவர்களிடம் மட்டும் பேசுங்கள்.

அக்காவிடம் என்றால்: "அக்கா, நேத்து ராத்திரி குடிச்சிட்டுப் போன் பண்ணியிருக்கேன். என்ன பேசினேன்னு நெஜமாவே ஞாபகம் இல்ல. நீ சொல்லு, நான் கேக்குறேன்." சொல்லட்டும். நடுவில் "போதையில சொன்னது" என்று குறுக்கே விழாதீர்கள், அவர் காதில் விழுந்தது உங்கள் குரல்தான். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் எல்லை மீறியிருந்தால் நேரில், இரண்டு வாக்கியத்தில்: "சார், நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோங்க." உடைத்த பொருளுக்குப் பணம் கொடுங்கள், கடன் வாங்கியிருந்தால் திருப்புங்கள். யாருடைய உடலையாவது அவர் விருப்பமில்லாமல் தொட்டதாகத் தெரிந்தால், அவரை விரட்டி விரட்டி மன்னிப்புக் கேட்டு உங்கள் மனபாரத்தை இறக்கப் பார்க்காதீர்கள். அவர் பேச விரும்பினால் கேளுங்கள், புகார் கொடுத்தால் எதிர்கொள்ளுங்கள்.

குற்றவுணர்வு "செத்துடலாம்" என்ற அளவுக்குப் போனால் தனியாக இருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம்.

ஏழாம் படி: பயம் வாரக்கணக்கில் நின்றால்

மூன்று நான்கு நாளில் உடம்பு தேறிவிடும். அதற்கப்புறமும் தினமும் கண்ணாடியில் கண் மஞ்சளா என்று பார்ப்பது, நாடி பிடித்து எண்ணுவது, ரிப்போர்ட் நார்மல் என்றாலும் இன்னொரு லேபில் எடுப்பது என்று போனால், அது தனியாகச் சிகிச்சை கொடுக்க வேண்டிய உடல்நலப் பதற்றம். மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள், இதற்குப் பேச்சுச் சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும். அதுவரை ஒரு ஏற்பாடு: தேடுதல், சோதித்தல் எல்லாம் சாயங்காலம் பதினைந்து நிமிடம் மட்டும். மற்ற நேரத்தில் எண்ணம் வந்தால் குறித்து வைத்துவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புங்கள். சாயங்காலம் அந்தக் குறிப்பைப் பார்க்கும்போது பாதிக்கு மேல் தேடத் தோன்றாது.

எட்டாம் படி: குடியைப் பற்றிக் கணக்குப் பார்க்கும் நேரம்

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. அதில் ஏழாவது கேள்வி, குடித்த பிறகு குற்றவுணர்வு எத்தனை முறை வந்தது. எட்டாவது, முந்தின இரவு நடந்தது ஞாபகம் இல்லாமல் போனது எத்தனை முறை. நீங்கள் இப்போது தவித்துக்கொண்டிருக்கிற இரண்டுமே மருத்துவர்கள் கேட்கிற கேள்விகள்தான். மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பேச வேண்டிய நேரம்.

ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு முறை ஆனது என்றால் வேகத்தையும் வெறும் வயிற்றையும் கவனிப்பது உதவும். மாதத்துக்கு ஒரு முறை ஆகிறது என்றால் "இனிமேல் அளவா குடிப்பேன்" என்பதை நான் நம்ப மாட்டேன், இரண்டாவது கட்டிங்குக்குப் பிறகு அளவு பார்க்கிற ஆளே அங்கே இருப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, அடையாறு டிடிகே மருத்துவமனை, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க பல ஊர்களில் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் என்று வழிகள் இருக்கின்றன. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு, மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிற பொடியை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த மருத்துவர் கொடுக்கும் மருந்து) இருந்து, அவர் தெரியாமல் மேலே குடித்தால், ரத்த அழுத்தம் இறங்கி இதயமே பாதிக்கப்படலாம்.

மருத்துவரிடம் போகும்போது அளவைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. "எப்பவாவது, கொஞ்சம்" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை குவார்ட்டர், கூட என்ன மாத்திரை, கடைசியாகக் குடித்தது எப்போது, நினைவு தப்பியது எத்தனை முறை, காலையில் கை நடுங்குகிறதா என்ற ஆறையும், ஐந்தாம் படியில் எழுதிய அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள்.